பின்னால் நிற்பவர்

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆய்வுகூடத்தில் டிலக்சனா தன்னுடைய சொந்தக் குளிர்க்கோட்டைக் கொளுவியிலிருந்து எடுத்து, பைகளுக்குள் கிடந்த சாவி, பஸ் அட்டை, பாதி தின்ற சொக்லட் எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டு, அதை ஜெலட்டின் கட்டிக்கு முன்னால் நான்கு கிளிப் போட்டு மாட்டினாள். கமராவைச் சரிசெய்துகொண்டிருந்த, அவளோடு வேலை செய்கிற பெனிற்றா, அது போன மாதம் வாங்கின கோட் எல்லோ என்று கேட்டாள். டிலக்சனா காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தச் சொன்னாள்.

லண்டனில் சாதாரண சனத்துக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்க அனுமதி இல்லை. தெருவில் நிற்கிற பொலிஸ்காரரில் பெரும்பாலானோரிடமும் அது இல்லை. ஆனால் சாதாரண உடுப்பில், ஜக்கெட்டுக்கு உள்ளே துப்பாக்கியை மறைத்துக்கொண்டு சனத்தோடு சனமாக நடக்கிற ஒரு சிலர் இருக்கிறார்கள். ரயிலில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து போனில் கிரிக்கெட் பார்க்கிற ஆள்கூட அப்படி ஒருவராக இருக்கலாம். அவர்களுடைய துப்பாக்கிக்குள் எந்த ரவை இருக்கவேண்டும் என்று சோதித்துச் சொல்கிற பொறுப்பு டிலக்சனாவின் ஆய்வுகூடத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குத் தலைமை அவள்தான். முப்பத்தெட்டு வயதில் அந்தக் கதிரையில் இருப்பதில் அவளுக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கவேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவளுக்குத் தலைக்கனம் என்று அலுவலகத்தில் சிலர் கதைப்பதும் அவள் காதுக்கு எட்டியதுதான். எட்டினால் எட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

சுடுவதற்கான ரவையில் நல்லது கெட்டது என்ன என்று கேட்பவர்களுக்கு அவள் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். நல்ல ரவையிலிருந்து பாய்கிற சன்னம் உடம்புக்குள் போனதும், அதன் முனையிலுள்ள குழிந்த வாய் விரிந்து, அகன்று, வேகம் குறைந்து அங்கேயே நின்றுவிடும். கூடாதது விரியாது. போன வேகத்திலேயே முதுகால் வெளியே வந்து, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கப் போய்விடும். லண்டனில் யாருக்குத்தான் பின்னால் ஆள் இல்லை. ஒன்பது வகை ரவைகளில் ஏழு கழிந்து, இரண்டு மிஞ்சியிருந்தன. கொம்பனிப் பெயர் யாருடைய மனதையும் இழுத்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றுக்கு நீலம், மஞ்சள் என்று நிறத்தால் பெயர் வைத்திருந்தார்கள். நீலம்தான் முன்னுக்கு நின்றது. எட்டு மாதமும் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அடுத்த புதன்கிழமை பொலிஸ் குழுவுக்கு முன்னால் நீலத்தைச் சிபாரிசு செய்வது என்று எல்லாம் எழுதி முடிந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை லண்டனின் வடக்கே எட்மண்டனில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. தரிப்பிடத்தில் பதினாலு பேர் நின்றார்கள். பதினொரு பேர் பஞ்சு அடைத்த தடித்த கோட்டுப் போட்டிருந்தார்கள். ஆய்வுகூடத்தில் கட்டிக்கு முன்னால் அவர்கள் மாட்டுவது ஒரு பருத்திச் சேர்ட், ஒரு மெல்லிய கம்பளி, ஒரு டெனிம் துணி. அந்தப் பட்டியலை எழுதியவர்கள் நல்ல வெயிலில் இருந்து எழுதியிருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். எட்டு மாதம் லண்டனுக்காக வேலை செய்துவிட்டு, லண்டன் சனம் என்ன உடுத்துகிறது என்று ஒருநாளாவது பார்த்தேனா என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அதனால்தான் கோட்டை மாட்டினாள். வெறும் தேத்தண்ணி நிறத்தில் கண்ணாடிபோல நிற்கும் அந்தக் கட்டி மனிதச் சதைக்குக் கிட்டத்தட்ட ஈடானது. உள்ளே போகிற சன்னம் என்ன செய்கிறது என்று வெளியே நின்றே பார்க்கலாம். முதலில் மஞ்சள். கோட்டின் ஐந்து இடங்களில் ஐந்து தடவை சுட்டார்கள். ஐந்தும் உள்ளே நின்றன. பிறகு புதுக் கட்டி, நீலம். முதலாவது நின்றது. இரண்டாவது சன்னத்தின் வாயைக் கோட்டுப் பஞ்சு அடைத்துக்கொள்ள, அது விரியாமல் கட்டியை ஊடறுத்துப் பின்பக்கத்தால் வெளியேறி, சுவர்த் தகட்டில் போய் இடித்தது. ஐந்தில் மூன்று அப்படிப் போயின. பெனிற்றா கமராவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். 

ஹாரிஸ் அவர்களுடைய மேலதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. டிலக்சனாவை அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததே அவர்தான். ஒரு கோட்டையும் பத்து ரவையையும் வைத்து எட்டு மாத வேலையைக் கவிழ்க்க முடியாது என்று அவர் பொறுமையாகவே சொன்னார். நெறிமுறையில் இல்லாத சோதனை இது, வேண்டுமென்றால் அறிக்கையின் கடைசியில் பின்னிணைப்பாகப் போடலாம் என்றார். பின்னிணைப்பை யாரும் வாசிப்பதில்லை என்று இருவருக்கும் தெரியும். முதல் பக்கத்தில் போடாவிட்டால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றாள் டிலக்சனா. அப்படியானால் புதன்கிழமை நீயே எழுந்து சொல்லிக்கொள், குழு ஏற்காவிட்டால் வேறொருவருடைய கையெழுத்தோடு அறிக்கை போகும், இந்தத் தலைமையும் உன்னிடம் இருக்காது என்றார் அவர். குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அன்று பின்னேரம் தை மாதக் குளிரில், கோட் இல்லாமல், ஸ்வெற்றரோடு, தாய் இருக்கும் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து இறங்கினாள். கதவைத் திறந்த தவமலர் மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கயடி பிள்ளை கோட்?"

"சுட்டுப்போட்டன் அம்மா."

தவமலர் உள்ளே போய்க் கம்பளியைக் கொண்டுவந்து மகளின் தோளில் போர்த்தினாள். மல்லித் தண்ணியும் வைத்துக் கொடுத்தாள். குடித்து முடித்து, பல் கிடுகிடுப்பது நின்ற பிறகுதான், இனிச் சொல்லு என்றாள். டிலக்சனா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். வழக்கத்தில் அவள் வீட்டில் வேலையைப் பற்றிக் கதைப்பதில்லை. கோயிலில் யாரும் கேட்டால், மகள் பொலிசுக்கு வேலை செய்யிறாள், ஆனால் பொலிஸ் இல்லை என்பாள் தவமலர். அந்த அரைகுறைப் பதிலைச் சொல்லும்போதே அவளுடைய முகம் பூரித்துவிடும்.

தவமலருடைய இடது மேற்கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு குழி இருக்கிறது. முப்பது வயதில், ஊரில் சண்டை நடந்த காலத்தில், பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்றபோது பட்டது. யார் யாரைச் சுட்டார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. அவளுக்கு முன்னால் நின்ற மனிதருக்குள் போய், அவருடைய முதுகால் வெளியே வந்து, அவளுடைய கையில் நின்ற சன்னம் அது. அவர் அந்த இடத்திலேயே முடிந்துபோனார். அவருடைய பெயரைப் பிறகு விசாரித்தும் அவளுக்குக் கிடைக்கவில்லை. டிலக்சனா சின்ன வயதில் அந்தக் குழிக்குள் விரலை வைத்துக்கொண்டு நித்திரையாகிறவள். அதைப் பற்றி அலுவலகத்தில் எவருக்கும் அவள் மூச்சு விட்டதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தவமலர் கொஞ்சநேரம் கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சுடுற சாமானில என்ன பிள்ளை நல்லது இருக்கு?"

"சுடாமல் விடுறதுதான் நல்லது அம்மா. சுட்டால் அது நிக்கவேணும்."

"ஓம்," என்றாள் தவமலர். பிறகு மெதுவாக, "பின்னால நிண்டது நான்தானே," என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை தானும் வரப்போவதாகச் சொன்னாள். சட்டைக் கையைச் சுருட்டி அந்தக் குழியைக் காட்டினால் எந்தப் பெரிய மனுசரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு. எந்தச் சேலை உடுப்பது என்பதுவரை யோசித்துவிட்டாள். டிலக்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. வர ஏலாது அம்மா, உள்ளே விடமாட்டார்கள் என்றாள். அப்படியானால் நீயாவது சொல்லு என்றாள் தாய். டிலக்சனா மாட்டேன் என்றாள். தவமலருக்குக் கோபம் வந்துவிட்டது. என்ர கையைச் சொல்ல உனக்கு வெக்கமோ என்று கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சட்டி கழுவினாள். வெட்கம் இல்லை என்று மகளுக்குத் தெரியும். என்ன என்று தாய்க்கு விளங்கவைக்கத்தான் அன்றைக்கு அவளிடம் சொல் இருக்கவில்லை.

சனியும் ஞாயிறும் பெனிற்றாவும் அவளும் ஆய்வுகூடத்தில் கிடந்தார்கள். பெனிற்றா பாரிசில் வளர்ந்தவள், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது அவளுடைய கொள்கைக்கு விரோதம். இருந்தாலும் தன்னுடைய கோட்டையும் கழற்றிக் கொடுத்தாள். அதிலும் ஐந்தில் இரண்டு நீலம் வெளியே வந்தது.

புதன்கிழமை ஏழு பேர் இருந்த அறையில் டிலக்சனா இருபது நிமிடம் கதைத்தாள். படங்களைக் காட்டினாள். தன்னுடைய பிழையையும் சேர்த்தே சொன்னாள்: எட்டு மாதமாக நானும் இதைப் பார்க்கவில்லை. பொலிஸ் தரப்பில் வந்திருந்த பெண் அதிகாரி காதுகொடுத்துக் கேட்டபடியே இருந்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி, இதில் உங்களுக்கு ஏதாவது தனிப்பட்ட காரணம் இருக்கிறதா என்று கேட்டார். கேட்ட விதத்தில் குத்தல் இல்லை. ஹாரிஸ் குனிந்து தன் பேனாவைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். பாண் வரிசையையும், பெயர் தெரியாத அந்த மனிதரையும், தாயின் கையையும் சொன்னால் அறை முழுக்க இளகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. இரக்கப்பட்டே சம்மதித்துவிடுவார்கள். ஆனால் இரக்கத்தில் கிடைத்த சம்மதத்தை நாளைக்கு இன்னொருவர் சிரித்துக்கொண்டே தட்டிவிடுவார். அவளுடைய தாயின் கை அவர்களுடைய இரக்கத்துக்கு வைத்த சாமான் இல்லை. சமையலறையில் கிடைக்காத சொல் அவளுக்கு அங்கே கிடைத்தது.

"இருக்கிறது," என்றாள். "நீங்கள் இலக்கங்களை மட்டும் பார்க்கவேண்டும் என்பதற்காக அதை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்."

 அந்த அதிகாரி கோட்டுச் சோதனையின் இலக்கங்களைத் திரும்பவும் காட்டச் சொன்னார். ஒரு மணித்தியாலம் கேள்விமேல் கேள்வி வந்தது. முடிவு இப்படி ஆனது: சம்மதம் நீலத்துக்கும் இல்லை, மஞ்சளுக்கும் இல்லை. லண்டனில் வாங்கும் இருபது கோட்டுகளோடு இரண்டையும் முதலிலிருந்து சோதிப்பது, அதுவரை டிலக்சனாவே தலைமை. மஞ்சளும் தோற்றால் கழித்த ஏழையும் திரும்ப எடுக்கவேண்டி வரும். லிப்டில் ஹாரிஸும் கூட வந்தார். கீழே இறங்கும்போது, எல்லா அளவிலும் வாங்கு, தடித்த ஆட்களையும் மறந்துவிடாதே என்றார். அவள் நிமிர்ந்து நடந்தாள். வெளியே மழை தூறியது, பெனிற்றா இரவல் கொடுத்த மெல்லிய ஜக்கெட் நனைந்தது, அவளுக்கு அது உறைக்கவேயில்லை.

கூட்ட அறையில் தான் சொன்னதை டிலக்சனா வீட்டில் வந்து சொன்னபோது தவமலர் மகளை நெடுநேரம் பார்த்தாள். கோபம் போய்விட்டது என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. கோட்டு வாங்க நானும் வருவன், அதுக்கு ஒருத்தரும் மறிக்கேலாது என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இருவரும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எதையாவது எடுத்தால் போதும் என்று மகள் நினைக்க, தவமலர் ஒவ்வொரு கோட்டின் உள்துணியையும் பிரட்டிப் பார்த்து, பஞ்சை நசித்துப் பார்த்து, சிப்பை ஏற்றி இறக்கினாள். கடைக்காரர் இராசரத்தினம், ஆருக்கு இவ்வளவு கோட்டு அக்கா, பெரிய குடும்பமோ என்று கேட்டார். மகளின்ர வேலைக்கு என்றாள் தவமலர். பொலிசுக்கு, ஆனால் பொலிஸ் இல்லை என்று இந்த முறை சேர்க்கவில்லை. என்ன வேலை என்று அவர் திரும்பக் கேட்க, "சனத்தைக் காப்பாத்திற வேலை," என்றாள், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. டிலக்சனாவுக்குக் காது சூடாகியது. ஆனாலும் தாயை நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை.

பத்தொன்பது சேர்ந்துவிட்டது. இருபதாவதாகத் தவமலர் ஒரு கடுநீலக் கோட்டை எடுத்து, சேலைக்கு மேலே, ஸ்வெற்றருக்கு மேலே, தானே போட்டுப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பக்கவாட்டில் திரும்பினாள். பிறகு மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"பின்பக்கம் எப்பிடி இருக்கெண்டு பார், பிள்ளை."

டிலக்சனா கையிலிருந்த பைகளைக் கீழே வைத்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை, தாயின் முதுகின்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினாள். பஞ்சு அமுங்கி அமுங்கி எழும்பியது. துணி எங்கும் அழுத்தமாக, ஒரு துளையும் இல்லாமல் முழுதாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கண்ணாடிக்குள் தவமலர் நிமிர்ந்து நின்றாள்.