ஒடிக்காத கொடுக்கு

நண்டை உயிரோடு தூண்டிலில் கோர்ப்பதற்கு முன் அதன் கொடுக்கு இரண்டையும் ஒடித்துவிட வேண்டும். புதுச்சேரிக் கடற்கரையில் தூண்டில் போடுகிற எவனுக்கும் இது தெரியும். தணிகாசலத்துக்கும் தெரியும். ஆனால் அவன் மனைவி ராஜாம்பாளுக்கு இப்போது ஏழு மாதம். பிள்ளைத்தாச்சியின் புருஷன் ஒரு ஜீவனின் கையை ஒடித்தால் பிள்ளை கை விளங்காமல் பிறக்கும் என்று அவனுக்குப் பயம்.

"நீ ஒடிக்காட்டி போ மாமா, நான் ஒடிக்கறேன்" என்றான் ராஜாம்பாளின் தம்பி கலியபெருமாள்.

"தூண்டிலு என்னுது. பாவமும் என் தலையிலதான் வந்து விடியும். உடு."

களவா மீன் குழம்பு வேண்டும் என்று கேட்டவள் ராஜாம்பாள்தான். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரத் தண்ணியில மட்டும் எறங்க உட்டுடாதடா" என்று சொல்லி அனுப்பியவளும் அவள்தான். மாசமாக இருப்பவளின் புருஷனைக் கடல் சும்மா விடாது என்பது அவர்கள் தெருப் பேச்சு. பிள்ளைத்தாச்சி நாக்கு மட்டும் அதைக் கேட்டால்தானே!

புயலில் இடிந்த கடல்பாலத்தின் மிச்சத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் போய் இரண்டு வருஷமாகியும் அதை எடுத்துக் கட்ட நாதியில்லை. வெயில் ஏறியும் பாலத்தடியில் தண்ணீர் கறுப்பாகவே இருந்தது. ஒரு காக்கைகூட வராதது கலியபெருமாளுக்குப் பிடிக்கவில்லை.

முதல் நண்டு இறங்கியதும் கயிறு நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை. கொடுக்குள்ள நண்டு வேறென்ன செய்யும்? சிப்பி படர்ந்த இரும்புத் தூணைக் கவ்விக்கொண்டது.

"அறுத்துடு மாமா."

"இருக்கறது ஒரே முள்ளு. முட்டியளவுதான் எறங்கறேன். கையப் புடிச்சிக்க."

கயிற்றை வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, இடது கையை மைத்துனனிடம் கொடுத்து, குறுக்குச் சட்டத்தில் கால் வைத்து இறங்கினான். அலை இடுப்பைத் தொட்டது. கலியபெருமாள் பிடியை இறுக்கினான். கயிற்றை நாலு தரம் ஆட்டியதும் நண்டு தூணை விட்டது.

உடனே அந்த நண்டை வேறொன்று கவ்வியது.

தணிகாசலத்தின் வலது கை தோள்வரை தண்ணீருக்குள் போனது. கலியபெருமாள் குப்புற விழுந்து இரண்டு கையாலும் அவனைப் பிடித்து இழுத்தான். கீழே இருந்தது திமிறவில்லை. நிதானமாக இழுத்தது. கத்தி கலியபெருமாளுக்குப் பின்னால் கூடையில் கிடந்தது.

"கைய உட்டுட்டு கத்திய எடு" என்றான் தணிகாசலம். தண்ணீர் அவன் தாடையைத் தொட்டிருந்தது.

"மாட்டேன் மாமா."

"எடுடா. சட்டத்தக் காலால பின்னிக்கிட்டிருக்கேன்."

கலியபெருமாள் கையை விட்டான். கூடையைக் கவிழ்த்துக் கத்தியை எடுத்துத் திரும்பினான். அறுக்க வேண்டிய கயிறும் இல்லை, மாமாவும் இல்லை.