வாய்க்கு வராத சொல்

வேணுகோபால் பக்கவாதம் வந்து படுத்த பிறகுதான், ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறக்கும் ரகசியச் சொல் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது முதலாளி தங்கராசுவுக்கு உறைத்தது.

அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில், சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் அனுப்பும் கம்பெனி அது. எண்பத்தெட்டின் கடைசியில் கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கென்று ஏ.சி. அறையும் தடுத்துக் கட்டினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தலைமைக் கணக்கர் வேணுகோபால் காலையில் தானே வந்து சுவிட்சைப் போடுவார். திரை கேட்கும் சொல்லை உடம்பால் மறைத்துக்கொண்டு தட்டுவார். அதன் பிறகுதான் ஆபரேட்டர் அமிர்தவல்லி நாற்காலியில் உட்காரலாம்.

"ஒன்ன நம்பாம இல்லம்மா. பொறுப்புன்னு ஒண்ணு ஒருத்தர்கிட்ட இருக்கணும்" என்று ஒருமுறை சொன்னார். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

இப்போது திரையில் அந்தக் கேள்வி மட்டும் நின்றது. அவர் பிள்ளைகளின் பெயர், குலதெய்வத்தின் பெயர் என்று தெரிந்ததையெல்லாம் அவள் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஆலைகளுக்குப் போன லோடுகளின் விவரம் முழுவதும் உள்ளே மாட்டிக்கொண்டது.

திருச்சி சர்வீஸ் இன்ஜினியர் போனில் ஒரு வழி சொன்னார். பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றி வைத்தால் இயந்திரம் அந்தச் சொல்லை மறந்துவிடும். ஆனால் கோப்புகளைச் சேமிக்கும் வட்டு உள்ளே எந்த வகை என்பதையும் சேர்த்தே மறக்கும். அந்த வட்டின் வகை எண்ணைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

"சீல் ஒடைஞ்சா கியாரண்டி போயிடும். உள்ள இருக்கறதும் போச்சுன்னா?" என்றார் தங்கராசு. "நீ செந்துறைக்கு அவரு வீட்டுக்குப் போயி அவரையே கேட்டுட்டு வா."

வேணுகோபாலின் வலப்பக்கம் முழுவதும் செயலிழந்திருந்தது. மனைவி சுந்தராம்பாள் தலையணையை உயர்த்திச் சாய்த்து வைத்தாள். அமிர்தவல்லி கேட்டது அவருக்குப் புரிந்தது. ஆனால் கோணிய வாயிலிருந்து "ப... ப..." என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. இடது கையில் பென்சிலைக் கொடுத்தாள்; வெறும் கிறுக்கலாக விழுந்தது. அட்டையில் ஆங்கில எழுத்துகளை எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். முதலில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு எதற்கும் ஆட்டவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

மறுநாளும் தங்கராசு அவளை அனுப்பினார். அதற்கடுத்த நாள் சுந்தராம்பாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ராத்திரி பூரா தூங்கல அமிர்தம். செவுத்தப் பாத்து வாய அசைச்சுக்கிட்டே கெடக்காரு. நீ வந்தா ஒடம்பு நடுங்குது. ஆபீஸ்ல சொல்லித்தான் நீ வர்றேன்னு தெரியும். கேக்கணும்னா கேளு."

குரலில் கோபம் இல்லை. அமிர்தவல்லி உள்ளே போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்தாள். எதுவும் கேட்காமல் பஸ் ஏறினாள்.

"சொன்னாரா?" என்றார் தங்கராசு.

"கேக்கல சார்."

"அப்பறம் எதுக்குப் போன?"

"இனிமே போயி கேக்க மாட்டேன் சார். பெட்டியத் தெறக்கச் சொன்னா தெறக்கறேன். முடியாதுன்னா நீங்களே போயி கேட்டுக்குங்க."

அவர் அவளை முறைத்துப் பார்த்தார். செந்துறைக்கு அவர் ஒருமுறைகூடப் போகவில்லை. கடைசியில், "தெற" என்றார்.

எலக்ட்ரீஷியனிடம் திருப்புளி வாங்கி அவளே திருகுகளைக் கழற்றினாள். பேட்டரியைப் பிரித்துவிட்டு, வட்டின் மேல் ஒட்டியிருந்த வகை எண்ணை உரக்கப் படித்து மனதில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை பேட்டரியை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். திரை எந்தச் சொல்லையும் கேட்கவில்லை. தேதியையும் மறந்துபோய் எண்பதாம் வருடம் ஜனவரி என்று காட்டியது. எண்ணைக் கொடுத்தாள். கோப்புகள் வரிசையாக ஏறி வந்தன. தங்கராசு டீ வரவழைத்தார்.

அன்று மாலை அவள் யாரும் சொல்லாமலே செந்துறைக்குப் போனாள்.

"தெறந்தாச்சு சார். எல்லாம் பத்திரமா இருக்கு. நீங்க இனிமே அத நெனைக்க வேண்டாம்."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். வேணுகோபால் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சுந்தராம்பாள் தெருமுனை வரை கூட வந்தாள். "அப்ப இனிமே ஆபீஸ்லேருந்து யாரும் வரமாட்டீங்க."

"நான் வரேன்க்கா."

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள். முதல் சில தடவை அவர் திரும்பவே இல்லை. தை பிறந்த பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுத் தடுமாறி வந்தது. காபி ஆறிப்போனது, மல்லாட்டைப் பயிருக்கு மழை போதாதது, மூத்த மகளுக்கு வரன் வந்தது என்று பேசினார்கள். ஆபீஸைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.