வடிவு சிஸ்டரின் காலை டூட்டி

வடிவு காலை டூட்டிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் மதியம் ஆகவில்லை.

ஏழு மணிக்கு ஏறியவள் ஒரு மணிக்கு இறங்கியிருக்க வேண்டும். ரிலீவர் வரவில்லை. அடுத்த நர்ஸ் வந்து பொறுப்பை ஏற்காமல் வார்டை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. சாவியைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. இரண்டு பேரும் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நிற்க வேண்டும். இவர் யார், என்ன நோவு, என்ன ஊசி போட்டாயிற்று, அடுத்தது எப்போது என்று ஒருத்தி சொல்ல வேண்டும். மற்றவள் கேட்டுவிட்டு, சரி என்க வேண்டும். முப்பத்திரண்டு கட்டிலுக்கும் முப்பத்திரண்டு சரி. அதுவரை பொழுது நகராது. வெயில் மூன்றாவது ஜன்னலிலேயே நிற்கிறது. நோயாளிகள் பன்னிரண்டு வருஷமாகக் காலைக் கஞ்சிதான் குடிக்கிறார்கள்.

வடிவு ஒன்றும் முதல் ஆள் இல்லை. அலமாரிக்கு மேலே பழைய ரிப்போர்ட் புத்தகங்கள் அடுக்கி இருக்கின்றன. அடியில் இருப்பது நூறு வருஷத்துக்கு முந்தியது. மையில் தொட்டு எழுதும் பேனாவில், அழகான கையெழுத்தில், ஒரு சிஸ்டர் எழுதியிருக்கிறார்: ரிலீவரை எதிர்பார்த்து நிற்கிறேன். அடுத்த பக்கத்திலும் அதையே எழுதியிருக்கிறார். கையெழுத்து மட்டும் கொஞ்சம் களைத்திருக்கிறது.

அன்றைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது வடிவு மகள் ஆவுடைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஆவுடைக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை. வலது பக்கம் முடிந்தது. இடது பக்கத்துக்கு வகிடு எடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. மத்தியானம் வந்து பின்னுகிறேன், அதுவரைக்கும் தொடாதே என்று சொல்லிவிட்டு ஓடினாள். அந்த ஒரு சடைதான் பன்னிரண்டு வருஷமாக வடிவின் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. மற்றதெல்லாம் பழகிவிட்டது.

மேட்ரன் வார்டு மூலையில் இருக்கும் துணி பீரோவுக்குள் இருந்தார். கதவைத் திறந்து யாரும் அவரைப் பார்த்ததில்லை. கதவு இடுக்கில் மனுவை நீட்டினால் ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். மாதம் ஒரு மனு என்று எட்டு வருஷம் வடிவு எழுதினாள். ஆள் போதவில்லை, ஆள் அனுப்புங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரே பதில்தான். ஆள் போடுவதற்கு உத்தரவு இல்லை, கட்டடம் கட்டுவதற்கு உத்தரவு இருக்கிறது. பதில் சொல்லி முடிப்பதற்குள் வார்டுக்கு வெளியே புதிதாக ஓர் அறை முளைத்திருக்கும். வராந்தா பன்னிரண்டு அடி நீண்டிருக்கும். இப்படியே தொண்ணூற்றாறு அறைகள். வாசல் கேட் எங்கே இருக்கிறது என்று இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை.

நடுவில் ஒரு தடவை குறுக்கு வழியும் பார்த்தாள். ஒன்பதாம் கட்டிலில் சுடலைமுத்து என்று ரிட்டயர் ஆன தபால்காரர் இருந்தார். கால் புண் ஆறி வருஷக்கணக்கு ஆகிறது. அடுத்த நோயாளி வராமல் கட்டிலைக் காலியாக விடக் கூடாது என்பதால் அவரும் போகவில்லை. பார்த்துப் பார்த்து வார்டு வேலை முழுவதும் அவருக்கு அத்துப்படி. அவரிடமே டூட்டியை ஒப்படைத்துவிட்டால் என்ன என்று வடிவுக்குத் தோன்றியது. எட்டாம் கட்டில் வரைக்கும் எட்டு சரி சொன்னார். ஒன்பதாம் கட்டில் காலியாக இருந்தது. ஆளைக் காணோம் என்று அவரே ரிப்போர்ட் எழுதினார். நோயாளி தப்பியோடிய வார்டை ஒப்படைக்க முடியாது என்று பீரோவுக்குள்ளிருந்து பதில் வந்தது. சுடலைமுத்து திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வராந்தாவின் கோடியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது.

ரிலீவர் வருகிறாள் என்று வடிவு அன்றோடு மனு எழுதுவதை நிறுத்தினாள். வராந்தா வளர்வதும் நின்றது. புள்ளி மெல்லப் பெரிதாயிற்று. ஆனால் அதன் நடை சரியில்லை. ஒவ்வொரு அறை வாசலிலும் நிற்கும், உள்ளே போகும், பல நாள் கழித்து வெளியே வரும். வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறாள் என்று வடிவுக்கு ஆத்திரமாக வந்தது. இங்கே ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு ஊர்கோலம்.

ஒரு நாள் சுடலைமுத்து வாசலில் நின்று, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். தெருக்கோடியில் நின்றே வீட்டு நம்பரைப் படித்த கண் அது.

"சிஸ்டரம்மா, பிள்ளை ஒரு பக்கந்தான் சடை போட்டிருக்கு," என்றார். "மறுபக்கம் அப்படியே விரிஞ்சு கெடக்கு."

வார்டில் நர்ஸுக்கு நாற்காலி கிடையாது. வடிவு ஒன்பதாம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

முதலில் சந்தோஷம் வந்தது. பின்னாலேயே பயமும் வந்தது. மகள் வந்து சரி சொன்னால் வடிவு இறங்கிப் போய்விடலாம். பிறகு அந்த மூன்றாவது ஜன்னல் வெயிலில் மகள் நிற்பாள். அவளை விடுவிக்க யார் வருவார்கள்? பெற்ற பிள்ளையை இதில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் எந்தக் கையால் சோற்றை அள்ளித் தின்பது?

மகள் வந்து சேராமல் இருக்க வராந்தா நீள வேண்டும். எழுந்து போய்த் தாள் எடுத்து மனு எழுதினாள். கதவு இடுக்கில் நீட்டினாள்.

"நாலு வருஷமாக் காணோமே," என்றார் மேட்ரன். "ஆளா, கட்டடமா?"

"ஆள்."

"அப்போ கட்டடம்."

வராந்தா முனகிக்கொண்டு பன்னிரண்டு அடி நீண்டது. வந்துகொண்டிருந்த ஆவுடை பன்னிரண்டு அடி பின்னால் போனாள். வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அடுத்த மனுவை எழுத உட்கார்ந்தாள். ஒரு தடவை உட்கார்ந்து பழகியவளுக்கு இரண்டாவது தடவை கஷ்டமாக இல்லை.

அப்போது வராந்தாவிலிருந்து ஆவுடையின் குரல் கேட்டது. பத்து வயதுக் குரல் இல்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

"அம்மா, இந்த ஒரு ரூம் போதும். கடைசிப் பாடத்துக்கு நாப்பதாவது பிள்ளைதான் எடமில்லாம வெளிய நின்னுக்கிட்டிருந்தா. இப்ப அவளும் உள்ள வந்துட்டா."

எந்த நாற்பது என்று வடிவு கேட்டாள்.

ஆவுடை ஒரு பக்கமாக நகர்ந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் ஒரு வரிசை நின்றது. ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நேரே நடந்து வந்ததால் இத்தனை நாளும் ஒரே புள்ளியாகத் தெரிந்திருக்கிறது. அம்மாவைத் தேடி வராந்தாவுக்குள் நுழைந்தவள், வழி நெடுக அறைகள் சும்மா கிடப்பதைப் பார்த்து, நர்ஸ் படிப்புக்கு ஊர்ப் பெண்களைச் சேர்த்திருக்கிறாள். முதல் அறைகளில் எலும்பும் நரம்பும் படித்தார்கள். அடுத்தவற்றில் ஊசி, மருந்து. அதற்கடுத்து பிரசவம் பார்க்க, குழந்தையைத் தூக்க, செத்தவரின் கண்ணை மூட. ஒவ்வொரு அறையிலும் பரீட்சை எழுதி, தேறின பிறகே அடுத்த அறை. தேறாதவளுக்காக மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

"தனியா வாரதா இருந்தா எப்பவோ வந்திருப்பேன்," என்றாள் ஆவுடை. "தனியா வந்து என்ன செய்ய? உன்ன மாதிரி நானும் நின்னுக்கிட்டேதான் இருக்கணும்."

வடிவு கையிலிருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆவுடை வந்து சேர்ந்ததும் பீரோ கதவு லேசாக அசைந்தது. தலையை ஒழுங்காகப் பின்னி முடியாமல் டூட்டி ஏற்கக் கூடாது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் மேட்ரன் சொன்னதில் வடிவுக்குப் பிடித்த வார்த்தை அது ஒன்றுதான். சுடலைமுத்து சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தார்.

இடது பக்கத்து முடி முழங்கால் வரைக்கும் வளர்ந்து, சிக்குப் பிடித்துக் கிடந்தது. தொடாதே என்று சொன்னதை மகள் அப்படியே கேட்டிருக்கிறாள். வடிவு நுனியிலிருந்து சிக்கெடுத்தாள், வகிடு எடுத்தாள், மூன்று காலாகப் பிரித்துப் பின்னினாள். பின்னப் பின்னக் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கை மட்டும் நிற்கவில்லை. இரண்டு சடையையும் தூக்கிக் கொண்டையாகச் சுற்றி, ஊசி குத்தினாள்.

பிறகு கட்டில் கட்டிலாகப் போனார்கள். ஒன்றாம் கட்டில், காய்ச்சல், இறங்கிவிட்டது. சரி. இரண்டாம் கட்டில், வலது கையில் டிரிப்ஸ், ஊசி மாற்ற வேண்டும். சரி. ஒன்பதாம் கட்டிலில் சுடலைமுத்து எழுந்து விறைப்பாக நின்றார். காயம் ஆறிவிட்டது, அடுத்த நோயாளி வராததால் இருக்கிறார் என்று வடிவு சொன்னாள். ஆவுடை வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றப் பழக வேண்டும், அதற்கு நான் படுத்துக்கொள்கிறேன் என்று நாற்பதாவது பெண் முன்வந்தாள். சுடலைமுத்து வேட்டியை உதறிக் கட்டினார். சரி என்றாள் ஆவுடை.

முப்பத்திரண்டாவது சரி விழுந்ததும் வெயில் நாலாவது ஜன்னலுக்கு நகர்ந்தது. நோயாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் சாம்பார் வாசனை வருகிறது என்றார்.

"ஏழு மணிக்கு அடுத்தவ ஏறிருவா," என்றாள் ஆவுடை. "ஏழரைக்கெல்லாம் வீட்டுல இருப்பேன். தோசை சுட்டு வை."

இப்படி ஒரு வாக்கை அந்த வார்டில் யாரும் கொடுத்ததில்லை. இதற்கு முன் கொடுத்தவள் வடிவு ஒருத்திதான், அதுவும் வார்டில் இல்லை, வீட்டில்.

வடிவு வராந்தாவில் நடந்தாள். ஒவ்வொரு அறை வாசலிலும் அவள் மனு எழுதிய தேதியைச் சின்னப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். உள்ளே புதிதாக வந்த பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்து கேட் வரைக்கும் கூட வந்து, தன் பஸ்ஸில் ஏறிப் போனார்.

வீட்டில் மாவு பொங்கி இருந்தது. வடிவு இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். எடுத்து வைத்த பிறகு பயமாக இருந்தது. ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாமா என்று யோசித்தாள். வைக்கவில்லை. கல்லை அடுப்பில் ஏற்றினாள். வெளியே நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்காத இருட்டு என்பதால் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஏழு இருபத்தைந்துக்குத் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. வடிவு உள்ளே ஓடிப்போய் முதல் தோசையை ஊற்றினாள்.