யார் தள்ளியது?

அந்த மில்லில் மூன்று மணிச் சங்கு ஊதினால் எழுநூறு பேர் ஒரே மூச்சாக வெளியே பாய்வார்கள். வாசலோ ஒன்றுதான். வீட்டுக்குப் போகக் கிளம்பியவன் கூட்டத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மில்லைப் பார்த்து நிற்பான். பதினோரு வருஷமாக வாட்ச்மேன் ராஜாங்கம் இந்தக் கூத்தைப் பார்த்து வந்தார்.

ஒருநாள் மணல் நிரப்பிய இரும்பு டிரம் ஒன்றை, வாசலுக்குப் பத்தடி உள்ளே, சற்று இடப்பக்கமாக வைத்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து அலுங்காமல் வெளியேறியது. நடுவில் வைத்துப் பார்த்தார், பழைய கூத்தே திரும்பியது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. இடப்பக்கமே வைத்துவிட்டார்.

நல்லது செய்தால் விடுவார்களா? "நந்தியாட்டம் குறுக்கால வச்சிக்கினு நிக்கிறான்" என்றார்கள். நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்த அவர் மனைவி வீராயிக்கு 'நந்தி பொண்டாட்டி' என்றே பெயர் விழுந்தது. மானம் போகிறதே என்று அவளுக்கு ஆத்திரம். டிரம்மை அகற்றக் கோரி எழுதிய மனுவில் முதல் கைநாட்டு அவளுடையதுதான். திங்கட்கிழமை டிரம் போயிற்று.

வியாழக்கிழமை சங்கு ஊதவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. எல்லாரும் ஓடினார்கள். வாசலில் ஏழு பேர் நசுங்கினார்கள். வீராயியின் வலக்கை இரும்புக் கதவில் சிக்கி மூன்று விரல்கள் போயின. அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போட்ட கை அது.

விசாரணைக்கு முன் மேனேஜர் ராஜாங்கத்தைத் தனியே அழைத்தார். "சங்கத்துத் தணிகாசலம்தானே மொதல்ல தள்ளினான்? ஆமான்னு சொல்லு. ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

வீட்டில் இனி ஒரு சம்பளம்தான். தணிகாசலத்தை ராஜாங்கம் அன்று வாசலில் பார்த்திருந்தார். அவனும் கூட்டத்தில் சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"யாரும் தள்ளல முசே," என்றார், பிரெஞ்சுக்காரன் காலத்தில் துரைகளை அழைத்த பழக்கத்தில். "எல்லாரும் வூட்டுக்குப் போனாங்க. அவ்ளோதான்."

கோப்புக்கு ஒரு பெயர் வேண்டுமே. வாட்ச்மேனின் கவனக்குறைவு என்று எழுதி அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அதற்குப் பிறகு ராஜாங்கம் எதிரே வந்தால் தணிகாசலம் சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பிக்கொள்வான்.

தேங்காய்த்திட்டில் இருந்த வீட்டில் வீராயி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளினாள். "ஊருல இல்லாத யோக்கியன். ஒரு பேரைச் சொன்னா இன்னாவாம்? நாக்கு அறுந்துபூடுமா?"

ராஜாங்கம் கேட்டார். "மழை வந்தப்ப முன்னால நின்னவ முதுகுல நீ கைய வச்சியா?"

அவள் யோசித்தாள். "வச்சேன். பின்னால இருந்து நெருக்குனாங்க, வச்சேன்."

"அப்ப நான் ஒன் பேரைத்தான் சொல்லியிருக்கணும்."