கீழிருந்து தெரியாத நிறம்

ஒன்பது நாட்களாகக் கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினோம். பத்தாம் நாள் காலை மூக்குத்தி வந்தாள்.

மூக்குத்தி ஒரு திமிங்கலச் சுறா. மூக்கோரம் தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். பெயர் வைத்தது படகோட்டி அண்ணன். இடது விலாவின் புள்ளிகளைப் படமெடுத்து, எது எந்தச் சுறா என்று அலுவலகத்துக்கு எழுதுவது என் வேலை. வேலைக்காக இங்கே வந்தபின் என்னோடு பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அறைக்குத் திரும்பினால் மறுநாள் படகேறும்வரை என் குரலை நானே கேட்பதில்லை.

நீருக்குள் இறங்கிப் பார்த்தால், மூக்குத்தியின் முதுகில் வரிசையாக வெட்டுகள். எஞ்சின் விசிறி பட்ட காயம். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தேய்ந்திருந்தது. அதையும் படமெடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

அண்ணன் குனிந்து கேமராவை வாங்கினார். “என்னம்மா, தோழி வந்தாளா?”

“வந்தா.”

“இத்தன நாளா காயப் போட்டாளே, ஏன்னு கேட்டியா?”

“கேட்டேன். கேப்டன் பாட்டுக்குப் பயந்து வரலையாம்.”

“என் பாட்டு தண்ணிக்குள்ள வேற கேக்குதா! பாவம்தான்.” வாய்விட்டுச் சிரித்தார்.

தலையைத் துவட்டியபடி படங்களைப் பார்த்தேன். சாம்பல், ஆரஞ்சாக இருந்தது.

ஆழத்தில் ஆரஞ்சு மங்கிச் சாம்பலாகிவிடும். ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால்தான் உண்மை நிறம் வெளியே வரும். இந்தப் படகுத்துறையில் அடிப்பாகம் ஆரஞ்சாக இருக்கும் படகு ஒன்றே ஒன்றுதான். போன மாதம் அண்ணனே பூசினார். “கீழேர்ந்து பாத்தா நம்ம படகு எதுன்னு உனக்கு டக்குனு தெரியணும்ல?” என்றார். கீழிருந்து பார்த்தால் எல்லாப் படகும் கறுப்புதான். அதைச் சொல்ல அன்று எனக்கு மனம் வரவில்லை.

முதுகுப் படத்தை அழித்துவிடலாம். அலுவலகத்துக்கு விலாப் படம் போதும். நாளையும் அவர் சிரிப்பார், நானும் நாலு வார்த்தை பேசுவேன்.

“தூரத்துல மழை கட்டுது. ஒரே பறப்பா பறந்துடலாம், கெட்டியா புடிச்சுக்கோ.”

பறப்பது என்றால் எப்போதும்போல் ஆழம் குறைந்த மேட்டுத் திட்டு வழி. சுறாக்கள் வாயைத் திறந்துகொண்டு நீர்மட்டத்தில் மேய்கிற இடம். மூக்குத்தி அந்தப் பக்கம்தான் போனாள்.

அவர் சாவியைத் திருப்பப் போனார். நான் சாவியைக் கையால் மூடினேன்.

“என்னம்மா?”

“அவ முதுகுல வெட்டு இருக்குண்ணே.”

“அடக் கடவுளே! கண்ணு தெரியாம எந்தப் படுபாவி ஓட்டினான்?”

கேமராவைத் திருப்பிக் காட்டினேன். வெயிலைக் கையால் மறைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது.

“நம்ம படகுண்ணே,” என்றேன்.