கிட்டங்கிக் கதவுப் படம்

ஜப்பான்காரனின் குண்டுகள் திருகோணமலைத் துறைமுகத்தைக் கிழித்துப் போட்டு இரண்டு நாளாகியிருந்தது. ஸ்டூடியோக்காரன் வீரசிங்கத்தின் மேசை நிறையக் கண்ணாடி நெகட்டிவ்கள். எரிந்த எண்ணெய்த் தாங்கி, முறிந்த பாரந்தூக்கி, கைகால் சிதறிய உடல்கள். கடற்படைத் துரைதான் எடுக்கச் சொன்னவர். நல்லதில் ஒரு டசினைப் பொறுக்கி, அச்சுப் போட்டு, பின்னேர விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதலில் பொறுக்கியது துறைமுகச் சரக்குக் கிட்டங்கியின் கம்பிக் கதவைத்தான். வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. உள்ளே கம்பியைப் பிடித்தபடி கூலியாட்களின் கருகிய கைகள். கதவு திறந்தே கிடந்ததென்று நேற்றைய விசாரணையில் சத்தியம் பண்ணியிருந்தான், சாவி வைத்திருந்த கங்காணி குலசிங்கம்.

அதே கதவில் இன்னொரு படமும் இருந்தது. அதில் பூட்டுப் பதியவில்லை; கம்பிக்குப் பின்னால் அத்தான் கதிரவேலின் முகம் மட்டும், வாய் திறந்தபடி. உடலை எல்லோரோடும் ஒரே குழியில் தள்ளிவிட்டார்கள். அக்கா பூரணிக்கு அவருடைய படம் வேறு கிடையாது. தருவதாகச் சொல்லியிருந்ததால், அதை அவளுக்கென்று தனியே எடுத்து வைத்தான்.

ஸ்டூடியோக் கதவு உதைபட்டுத் திறந்தது. குலசிங்கம்.

"எங்கையடா கதவுப் படம்?"

"எந்தக் கதவு, கங்காணியார்?"

மூலையில் நின்ற, கமரா நிறுத்தும் மரக் காலைத் தூக்கி ஒரே போடு. வீரசிங்கத்தின் இடது கை விரல்கள் முறிந்தன. அடுத்த அடி வாயில். இரத்தத்தோடு பல்லொன்று தரையில் விழுந்தது.

"சொல்லாட்டி எல்லாத்தையும் நொறுக்குவன்!" கமராக் கால் மேசைக்கு மேலே உயர்ந்தது.

வீரசிங்கம் வலது கையை நீட்டி, தனியே வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான்.

குலசிங்கம் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். கறுப்பெல்லாம் வெள்ளை, வெள்ளையெல்லாம் கறுப்பு. கம்பிகள் மட்டும் பிடிபட்டன.

"பூட்டு எங்கை?"

"அந்த வெள்ளைப் பொட்டு."

அது அத்தானின் திறந்த வாய்.

குலசிங்கம் கண்ணாடியைத் தரையில் அடித்து, சப்பாத்தால் மாவாக அரைத்தான். போகிற போக்கில் வீரசிங்கத்தின் விலாவில் ஓர் உதை.

பூரணி வந்தபோது, அவன் ஒற்றைக் கையால் கடைசி அச்சை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆரடா அடிச்சது? அத்தான்ர முகம் எங்கை?"

அவன் கண்ணாடித் தூளைக் காட்டினான். "நான்தான் குடுத்தனான், அக்கா. இல்லாட்டிப் பூட்டுப் படம் போயிருக்கும்."

அவள் அறைந்த அறையில் உடைந்த வாயிலிருந்து மறுபடி இரத்தம் வழிந்தது. இன்னொரு முறை கை ஓங்கியவள், காய்ந்துகொண்டிருந்த பூட்டுப் படத்தைக் கண்டாள். குனிந்து எடுத்தாள்.

"இதிலை எந்தக் கை அவரின்ரை?"

"தெரியாது, அக்கா."

நெடுநேரம் பார்த்தாள். பிறகு மற்றப் படங்களையும் சேர்த்து எடுத்து, இதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

"உன்ர கைக்கு ஏலாது. நான் கொண்டுவாறன். நட, துரையிட்டை."