பதினோரு கிலோமீட்டர்

அன்று வரி அதிகாரியின் அறையில் மின்விசிறி ஓடியதா, இல்லை நான்தான் பிறகு சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை. என் நினைவை நம்பி யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். நோட்டில் எழுதியது மட்டும் நோட்டில் இருக்கிறது.

கடைகளிலும் மருத்துவமனைகளிலும் உள்ள எடை மெஷின்களைச் சரிபார்ப்பது என் தொழில். காரின் பின்பக்கம் நூறு கிலோ எடைக்கற்கள் எப்போதும் இருக்கும். அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏற முடியாது. வீட்டு முன்னறைதான் பட்டறை. அதனால் காலையில் கிளம்பி மாலை திரும்பும்வரை ஓடும் தூரம் முழுவதையும் தொழில் செலவு என்று மூன்று வருடமாக வரியில் கழித்துவந்தேன். தினமும் ஓடிய தூரத்தை எழுதிவைக்கும் நோட்டோடு வரி அலுவலகம் வரச் சொன்னது. கழிவு மொத்தமும் செல்லாது என்றால் காரை விற்றுத்தான் கட்ட வேண்டும். கார் போனால் தொழிலும் போச்சு.

என் கணக்கைப் பார்ப்பவர் மச்சான். இறந்துபோன என் மனைவியின் அண்ணன். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது சொன்னார்.

"நீ வாயத் திறக்காத மாப்ள. கேட்டா தலைய மட்டும் ஆட்டு."

"தப்பா ஆட்டிட்டேன்னா?"

"சரி, அதையும் நானே ஆட்டிக்கறேன்."

அதிகாரி ஒரு பெண், என்னைவிடச் சின்னவர். ஒவ்வொரு கடையின் முகவரியையும் வரைபடத்தில் வைத்து அளந்திருந்தார்.

"கடைசிக் கடையிலேர்ந்து உங்க வீடு நாலு கிலோமீட்டர். நோட்டுல பதினஞ்சு. எந்தக் கடையா இருந்தாலும் சாயந்தரம் பதினொன்னு கூடுது. எங்க போறீங்க?"

மற்றவர்கள் தூரத்தைக் குத்துமதிப்பாக எழுதுவார்கள், யாருக்கும் தெரியாது. எனக்கோ கார் மீட்டரில் உள்ளதை ஒரு எண் பிசகாமல் எழுதினால்தான் தூக்கம் வரும். எடைக்காரன் புத்தி.

"வழியில ஒரு பழைய கஸ்டமர் மேடம்" என்றார் மச்சான்.

"பேரு?"

மச்சான் என்னைப் பார்த்தார். ஒரு எண்ணெய் மில்லின் பெயரை முன்பே பேசிவைத்திருந்தோம்.

"சொல்லுங்க. நான் போய் விசாரிப்பேன். பொய்யா இருந்தா நோட்டு மொத்தமும் தள்ளுபடி."

மில்லின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது.

"யாரையும் பாக்கப் போகலைங்க" என்றேன். "சுற்றுச் சாலைல ஒரு சுத்து சுத்திட்டு வருவேன். வீட்டுல நான் போய்த்தான் லைட்டுப் போடணும். அது கொஞ்சம் தள்ளிப் போகட்டுமேன்னு."

மச்சான் தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி ஒரு பென்சிலை என் பக்கம் நகர்த்தினார்.

"அந்தச் சுத்தையெல்லாம் குறிச்சுக் குடுங்க. அது சொந்த ஓட்டம். மிச்சத்தப் பாக்கலாம்."

குறிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு மாலையாக, பதினொன்று, பதினொன்று. மதியம் வரை ஆனது. பிறகு அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த நாலு நாள் மட்டும் நேரா வீட்டுக்குப் போயிருக்கீங்க."

"மக வந்திருந்தா."

அவர் தலையசைத்தார். அதற்கு ஆதாரம் எதுவும் கேட்கவில்லை.

படியிறங்கும்போது மச்சான் நின்றார். "ரெண்டு தெரு தள்ளித்தானடா இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க வந்தா வரியப் பத்தியே பேசுவீங்க மச்சான்."

அவர் சிரிக்கவில்லை.

பதினோரு கிலோமீட்டர்களை மட்டும் தள்ளிவிட்டு மற்றதை ஏற்றுக்கொண்டார்கள். வித்தியாசத்தை ஆறு தவணையில் கட்டினேன். கார் என்னிடமே இருக்கிறது. அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். மச்சான் கொஞ்ச காலம் வாரம் ஒருமுறை வந்துபோனார். முழங்கால் வலி வந்தபின் வருவதில்லை. மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை வருகிறாள். நான் இப்போதும் அந்தச் சுற்றைச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன். நோட்டில் அதைத் தனி வரியில் எழுதுகிறேன்: சொந்த ஓட்டம், பதினொன்று.